நரசாபுரத்து லேஸ்: கணக்கில் வராத ஒரு தொழிலை ஒரு சமூகவியலாளர் கண்டெடுத்த விதம்

1970களின் பிற்பகுதியில் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில், நரசாபுரம், பாலகொல்லு வட்டாரத்து ஊர்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் குரோஷே என்ற கொக்கி ஊசியால் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். சரக்கு ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால், வீட்டுத் தொழில் என்ற தலைப்பின் கீழ் அங்கே சில ஆயிரம் பேரே இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ‘வேலை செய்யாதவர்கள்’ பட்டியலில்.

அந்த இடைவெளி எப்படி உண்டானது, அதை அளக்க என்ன செய்யப்பட்டது, அளந்தவரின் கல்விப் பயணம் அதனால் எந்தத் திசையில் போனது, அவருடைய முடிவுகளில் எவை இன்றைக்கும் நிற்கின்றன, எவை நிற்கவில்லை என்பதே இந்த நிகழ்வு ஆய்வு. அளந்தவர் ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் (1931–2023). முறைசாரா உழைப்பு, பாலினம், வளர்ச்சி ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஆய்வு செய்ய நினைக்கும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த லேஸ் ஆய்வின் முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும்.

ஆய்வாளர் வந்த வழி

ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில், பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மீஸ். பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, 1963இல் புனேயில் ஜெர்மன் கற்பிக்க வந்தார். வகுப்புக்கு வந்த நடுத்தர வர்க்கப் பெண்களைப் பற்றி அவருக்கு எழுந்த கேள்விகள் முனைவர் பட்ட ஆய்வாயின. படிப்புக்கும் வேலைக்கும் ஆசைப்படும் பெண்ணுக்கும் அவள் குடும்பம் எதிர்பார்க்கும் பெண்ணுக்கும் நடுவிலுள்ள முரண்தான் தலைப்பு. 1970களின் தொடக்கத்தில் கொலோனில் பட்டம் பெற்று, அங்குள்ள தொழில்முறை உயர்கல்விக் கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகச் சேர்ந்தார். 1976இல் கொலோனில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான காப்பகம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

காப்பக அனுபவம் வெறும் வாழ்க்கைக் குறிப்பு இல்லை. அவர் ஆய்வு முறையையே அது மாற்றியது. 1978இல் வெளியான கட்டுரையில், ஆய்வாளர் எட்ட நின்று பார்க்கும் நடுநிலையாளராக இருக்க முடியாது, ஆய்வுக்குள்ளாகும் பெண்களின் பக்கம் அறிந்தே நின்று அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வாதிட்டார். லேஸ் ஆய்வு ஏறத்தாழ இதே காலத்தில், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உலக வேலைவாய்ப்புத் திட்டத்துக்காக நடந்தது. நூலாக வந்தது 1982இல். இடையே 1979 முதல் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சமூக ஆய்வு நிறுவனத்தில் ‘பெண்களும் வளர்ச்சியும்’ என்ற பட்ட மேற்படிப்பை உருவாக்கும் பணி. வளரும் நாடுகளிலிருந்து வந்த பெண்கள் அங்கே மாணவர்கள்.

தொழில் எப்படி நடந்தது

லேஸ் பின்னலை அந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள். தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதல்ல. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பள்ளியும், அவர் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா இடையன்குடியில் பரப்பிய லேஸ் வேலையும் இதே வகை. நல்ல கிறிஸ்தவப் பெண் வீட்டில் அமர்ந்து, கையை ஓயவிடாமல், அடக்கமாகப் பொருள் ஈட்ட வேண்டும் என்பதே அவர்கள் கற்பித்தது. ஊசியோடு இந்த எண்ணமும் சேர்ந்தே வந்தது என்பது மீஸின் வாதம்.

ஏழைக் கிறிஸ்தவப் பெண்களிடம் தொடங்கிய வேலை பின்னர் காப்பு என்ற வேளாண் சாதிப் பெண்களிடம் பரவியது. 1970களில் ஏற்றுமதி பெருகியபோது அதற்குள் புதிய பணமும் நுழைந்தது. பசுமைப் புரட்சியில் நெல் விற்றுச் சேர்த்த பணத்தை நிலக்காரக் குடும்பங்கள் லேஸ் வியாபாரத்தில் போட்டன. வியாபாரமும் ஏற்றுமதியும் ஆண்கள் கையில், பின்னுவது பெண்கள் கையில் என்ற பிரிவினை அப்போது இறுகியது.

சங்கிலியின் அமைப்பு இது. ஏற்றுமதியாளர் நூலும் மாதிரியும் தருவார். வியாபாரி அதை ஏஜென்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஏஜென்ட் வீடு வீடாக நூலைப் போட்டுவிட்டு, முடிந்த துண்டுகளை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பார். ஒரு பெண் முழு மேசைவிரிப்பைப் பின்னுவதில்லை. ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி அவற்றை இணைப்பாள், மூன்றாவது கை ஓரம் முடிக்கும். முழுப் பொருளை, அதன் விலைச் சீட்டோடு, பார்ப்பது ஏற்றுமதியாளர் கிடங்கில் மட்டுமே.

வேலையைத் துண்டாக்குவது வேகத்துக்காக மட்டும் என்று நினைப்பது தவறு. பூ பின்னுபவளுக்கு இணைப்பவள் யாரென்று தெரியாது. தன் கைவேலை கடைசியில் என்ன விலைக்குப் போகிறது என்று கணக்குப் போட அவளிடம் எதுவுமில்லை. கூலி பேச ஒன்றுகூடும் தொழிற்கூடமும் இல்லை. கட்டடம், விளக்கு, இருக்கை, ஊசி எல்லாம் அவள் செலவு. ஆர்டர் நின்றால் ஏஜென்ட் வராமல் இருந்துவிடுவார், வேலைநீக்கம் என்ற சொல்லுக்கே அவசியமில்லை.

மூன்று பூட்டுகள்

லட்சம் பேர் ஏன் கணக்கில் வரவில்லை? கணக்கெடுப்பாளரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் பூட்டு மூன்று இடங்களில் இருந்தது.

முதலாவது, வீட்டுக்குள். காப்பு குடும்பங்களில் பெண் வயலுக்குப் போகாமல் வீட்டுக்குள் இருப்பது கௌரவம். நிலமிழந்து ஏழையான குடும்பங்களும் அந்தக் கௌரவத்தை விடவில்லை. லேஸ் அதற்கு வாகாக அமைந்தது: பணம் வரும், வாசற்படி தாண்ட வேண்டாம். ஆகவே அந்தப் பெண்ணைக் கேட்டால் ‘வீட்டில்தான் இருக்கிறேன், சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுவேன்’ என்பாள். சும்மா இருக்கும் நேரம் என்று அவள் சொன்னது நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம். சமையல், தண்ணீர், பிள்ளைகள், மாடு எல்லாம் இதற்கு வெளியே. கிடைத்த கூலி, விவசாயக் கூலிப் பெண்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதே ஊர்களில் வயலில் நாற்று நட்ட மாலா, மாதிகா ஆகிய தலித் சாதிப் பெண்கள் அதைவிட அதிகம் சம்பாதித்தார்கள், கூட்டமாக நின்று கூலி பேசவும் செய்தார்கள். சாதி ஏணியில் மேலே இருந்தவள் கூலி ஏணியில் கீழே இருந்தாள்.

இரண்டாவது, வணிகச் சங்கிலியில். ஏஜென்ட் குறிப்பேட்டில் இருப்பது நூலின் அளவும் ஒரு பெயரும்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை கைகள் என்பது எழுதப்படுவதில்லை. பள்ளி விட்டு வந்த மகள் இரண்டு பூ போடுவாள், மாமியார் ஓரம் கட்டுவார்.

மூன்றாவது, கணக்கெடுப்பின் கேள்வியில். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றும் ஆய்வு மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 1961 கணக்கெடுப்பில், பருவகால வேலை என்றால் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்தாலே ஒருவர் தொழிலாளி. 1971இல் அளவுகோல் மாறியது. ஒவ்வொருவருக்கும் ‘முதன்மைச் செயல்’ என்ன என்று முதலில் கேட்கப்பட்டது. வீட்டு வேலை என்று பதில் வந்தால் அவர் தொழிலாளி அல்லாதவர். வேறு வேலை செய்வது துணைச் செயலாகக் குறிக்கப்படும், தொழிலாளர் எண்ணிக்கையில் சேராது. பத்தாண்டுகளில் இந்தியப் பெண்களின் வேலைப் பங்கேற்பு விகிதம் காகிதத்தில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்ததற்கு இந்த வரையறை மாற்றம் முக்கியக் காரணம். 1981இல் ஆண்டுக்கு 183 நாள் என்ற கோட்டைப் போட்டு, அதை எட்டியவர் முதன்மைத் தொழிலாளர், எட்டாதவர் குறுந்தொழிலாளர் என்று பிரித்தார்கள். 1991இல்தான், பெண்ணிய ஆய்வாளர்களின் அழுத்தத்துக்குப் பிறகு, குடும்ப நிலத்திலோ தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையையும் சேர்த்துச் சொல்லும்படி கேள்வியிலேயே எழுதப்பட்டது.

மூன்று பூட்டுகளும் ஒன்றையொன்று தாங்கின. அவள் தன்னை இல்லத்தரசி என்றதால் கணக்கெடுப்பாளர் அப்படியே எழுதினார். கணக்கில் இல்லாததால் அரசுக்குக் கூலி நிர்ணயிக்கும் கட்டாயம் எழவில்லை. கூலி சில்லறையாக இருந்ததால் அவளும் அதைப் பொழுதுபோக்கு என்றாள். இந்தச் சுற்றுக்கு மீஸ் வைத்த பெயரைத் தமிழில் ‘இல்லத்தரசியாக்கம்’ எனலாம். மலிவான, கேள்வி கேட்காத, கலைந்து கிடக்கும் உழைப்பு கிடைக்க வேண்டுமானால் உழைப்பவரை முதலில் தொழிலாளி அல்ல என்று வரையறுக்க வேண்டும். இந்த நிலை உற்பத்தியின் தற்செயல் விளைவல்ல, அதன் நிபந்தனை என்றார் அவர்.

இது இயற்கையாக நேர்ந்த நிலை அல்ல என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ மூலப்பொருள் வாங்கி வீட்டில் சுற்றித் தருபவரையும் ‘ஊழியர்’ என்றே வரையறுத்தது. 1974இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. நெல்லைப் பகுதியில் பீடி சுற்றும் பெண்ணுக்குக் கையில் அட்டை உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு, சண்டை போட ஒரு சங்கம் உண்டு. குறைகள் ஏராளம் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளி. இலை, தூள் வாங்கி வீட்டில் சுற்றும் பெண்ணுக்கும் நூல் வாங்கி வீட்டில் பின்னும் பெண்ணுக்கும் வேலை முறையில் வேறுபாடு இல்லை.

இப்படிப்பட்ட வேலையை அளப்பது எப்படி

லேஸ் ஆய்வையும் அதன்பின் வந்த வீட்டுவழி உழைப்பு ஆய்வுகளையும் வைத்துப் பார்த்தால் களப்பணியின் நடைமுறை இவ்வாறு தேறுகிறது.

ஊர்க் குடும்பப் பட்டியலிலிருந்து மாதிரி எடுக்கத் தொடங்கினால் பாதி போய்விடும். குடும்பத் தலைவர் ‘எங்க வீட்டில் யாரும் வேலைக்குப் போவதில்லை’ என்று வாசலிலேயே முடித்துவிடுவார். ஏஜென்ட்டின் நூல் குறிப்பேட்டிலிருந்து ஒரு பட்டியல், தெருவில் மதிய வேளையில் நடந்து திண்ணைகளைப் பார்த்து இன்னொரு பட்டியல், இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மையான தொகை பிடிபடும். ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்ட பெயர்களே பெரும்பாலும் சுவாரசியமானவை: மருமகள் பெயரில் பின்னும் மாமியார், பதிவில்லாத சிறுமிகள்.

‘வேலை செய்கிறீர்களா’ என்று கேட்கவே கூடாது. பொருள்களின் பெயரைச் சொல்லி, ‘போன வாரம் இதில் எதைத் தொட்டீர்கள்’ என்று கேட்க வேண்டும். நேர்காணல் ஆண்கள் இல்லாத நேரத்தில், பெண் ஆய்வாளர் மூலம் நடக்க வேண்டும். மீஸுக்குத் தெலுங்கு தெரியாது. உள்ளூர் மொழி பேசும் பெண் ஆய்வாளர்கள் இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருக்காது. வெளிநாட்டுப் பேராசிரியர் பெயரில் நிற்கும் பல ஆய்வுகளில் இந்தப் பங்கு நன்றியுரையோடு முடிந்துவிடுவது வேறு விஷயம்.

நேரம்தான் மிகச் சிக்கலானது. நினைவிலிருந்து சொல்லும் நேரம் எப்போதும் குறைவு. உலை கொதிக்கும் இடைவெளியில் பத்து நிமிடம், பிள்ளை தூங்கும்போது முக்கால் மணி என்று துண்டு துண்டாக ஓடும் வேலையை யாரும் கூட்டி வைத்திருப்பதில்லை. உடனிருந்து பார்த்து, துண்டுகளைக் குறித்துக் கூட்ட வேண்டும். அதுவும் ஒரே நாள் போதாது: ஆர்டர் குவியும் காலம், சாதாரண நாள், அறுவடை நாள் என்று வெவ்வேறு நாட்கள் வேண்டும்.

அடுத்தது கழிவுகள். கொடுத்த நூலின் எடை, திரும்பிய துண்டின் எடை, குறைந்ததற்குப் பிடித்தம். நிராகரித்த துண்டு, அதைப் பிரித்து மீண்டும் பின்னிய நேரம். ஏஜென்ட் வீட்டுக்கு நடை. கூலி தாமதம், பணத்துக்குப் பதில் கடைச் சாமான்.

வெறும் எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு டஜன் துண்டுக்கு 90 ரூபாய் கூலி என்றும், அது ‘ஒரு நாள் வேலை’ என்று அந்தப் பெண் சொல்வதாகவும் வைப்போம். எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 11.25 ரூபாய். பல அறிக்கைகள் இங்கே நின்றுவிடும். உடனிருந்து பார்த்தால் அவர் நேரம் 9 மணி 20 நிமிடம், மகள் நேரம் 2 மணி 10 நிமிடம், நடை 50 நிமிடம், மறுபின்னல் 40 நிமிடம், மொத்தம் 13 மணி. நூல் குறைவுக்கு 6 ரூபாய் பிடித்தம், ஊசி, விளக்குச் செலவு 2 ரூபாய் போனால் கையில் 82. மணிக்கு 6.31 ரூபாய். முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வேறுபாடு கிட்டத்தட்டப் பாதி. அது முழுக்க அளவை முறையிலிருந்து வந்தது. குறைந்தபட்சக் கூலி ஆலோசனைக் கூட்டத்தில் எந்த எண் மேசைக்கு வருகிறது என்பது, யார் களத்துக்குப் போனார், எத்தனை நாள் இருந்தார் என்பதைப் பொறுத்தது.

இன்றைய தேசிய தொழிலாளர் ஆய்வுகளைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் ஒவ்வொருவரின் வேலை நிலைக்கும் ஓர் எண் குறியீடு உண்டு. குறியீடு 92 வீட்டு வேலை மட்டும் செய்பவர், 93 அதோடு விறகு சேகரிப்பு, தையல் போன்றவற்றை வீட்டுத் தேவைக்குச் செய்பவர். கூலிக்குப் பின்னும் பெண்ணைக் களப்பணியாளர் அவசரத்தில் 93இல் தள்ளிவிடுவது உண்டு. சரியாக விசாரித்தால் முதன்மை நிலையிலோ, ஆண்டில் 30 நாளுக்குக் குறையாமல் செய்யும் துணை நிலையிலோ தொழிலாளியாக வருவார். ஆனால் அப்படி வரும்போதும் பெரும்பாலும் குறியீடு 11, அதாவது சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர். மூலப்பொருள் கொடுத்து வீட்டில் செய்விக்கும் முறையில் இருப்பவர்களைச் சுயதொழிலில் சேர்ப்பதே அந்த ஆய்வின் விதி. ஆக, தரவில் ‘சுயதொழில் செய்யும் பெண்கள்’ கூடியிருக்கிறார்கள் என்று கண்டதும் தொழில்முனைவு வளர்ந்துவிட்டதாக எழுதக் கூடாது. அவர்களில் எத்தனை பேர் நூலும் மாதிரியும் விலையும் வேறொருவர் தீர்மானிக்க ஊசி பிடிப்பவர்கள் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 1999–2000இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 55ஆவது சுற்றில் வேலை செய்யும் இடம் பற்றிய கேள்விகள் சேர்ந்த பிறகே அப்படிப் பிரிக்க ஓரளவு வழி கிடைத்தது. 2018இல் சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியல் மாநாடு ‘சார்ந்து இயங்கும் ஒப்பந்தக்காரர்’ என்ற தனி வகையை ஏற்றதும் இதே சிக்கலுக்காகத்தான்.

லேஸுக்குப் பிறகு

மீஸ் அடுத்து தெலங்கானாவின் நல்கொண்டாப் பகுதியில் விவசாயக் கூலிப் பெண்களை ஆராய்ந்தார். அங்கே பெண்கள் சங்கங்களாகத் திரண்டிருந்தார்கள். வீட்டுக்குள் பின்னுபவர்களுக்கும் வயலில் கூட்டமாக உழைப்பவர்களுக்கும் பேரம் பேசும் வலிமையில் உள்ள வேறுபாட்டை இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்தால்தான் முழுதாகப் பார்க்கலாம். தனித்தனியாகப் படிப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். 1986இல் வந்த பெருநூலில் நரசாபுரத்தை உலக முதலாளிய வரலாற்றோடு இணைத்தார். 1993இல் இந்தியச் சூழலியலாளர் வந்தனா சிவாவுடன் சேர்ந்து சூழலியல் பெண்ணியம் பற்றி எழுதினார். அதே ஆண்டு பணி ஓய்வு.

பலவீனங்கள் இங்கேதான் கூடுகின்றன. ஒரு மாவட்டத்தில், குறிப்பிட்ட ஒரு சாதியின் கௌரவ ஒழுங்குக்குள் கண்டறிந்ததை உலகளாவிய விதியாக நீட்டும்போது காப்புப் பெண்ணின் நிலைமையும் ஐரோப்பிய நகரத்து இல்லத்தரசியின் நிலைமையும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. லேஸ் ஆய்வில் அத்தனை கூர்மையாகத் தெரிந்த சாதி, பெருநூலில் மங்கிவிடுகிறது. குறைந்த கூலி என்று தெரிந்தும் பெண்கள் ஏன் லேஸை விடவில்லை, அந்தச் சிறு பணம் வீட்டுக்குள் அவர்களுக்கு என்ன பெற்றுத் தந்தது என்ற கேள்விக்கும் அவர் போதிய இடம் தரவில்லை. ஆயினும் அந்தக் குறைகள் 1982 நூலின் அளவீட்டைத் தொடுவதில்லை. கோட்பாட்டை மறுப்பவர்களும் அந்தத் தரவைப் பயன்படுத்துகிறார்கள்.

கொள்கைத் தளத்தில் நகர்வு மெதுவாக வந்தது. 1972இல் அகமதாபாத்தில் எலா பட் தொடங்கிய சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கம் வீட்டுவழித் தொழிலாளரை அமைப்பாகத் திரட்டியது. அவர் தலைமையிலான தேசிய ஆணையத்தின் ‘சிரமசக்தி’ அறிக்கை 1988இல் வெளிவந்தது. 1996இல் சர்வதேச தொழிலாளர் மாநாடு வீட்டிலிருந்தே கூலிக்குச் செய்யும் வேலை பற்றிய 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2019இன் தேசிய காலப்பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம்.

நரசாபுரத்து குரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு பொருளின் பெயரையும் பகுதியையும் காக்கிறது. துண்டுக்கான கூலி அதன் வரம்புக்குள் வராது. இப்போது அங்கே மறு ஆய்வு செய்பவர் முதலில் வாங்க வேண்டிய ஆவணம், குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்தவர்களின் பட்டியல். அதில் எத்தனை பெயர் ஏற்றுமதியாளர், எத்தனை சங்கம், எத்தனை பின்னுபவர் என்று பிரித்துக்கொண்ட பிறகு, ஏஜென்ட்டின் நூல் குறிப்பேட்டைத் தேடிப் போகலாம். அது இப்போது பெரும்பாலும் கைபேசியில் இருக்கும். அதைப் பார்க்கும் அனுமதியைக் களப்பணி தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. கூலி பற்றிய கேள்வி எழுந்த பிறகு கேட்டால் கிடைக்காது.